நண்டின் கடைசி இரண்டு கால்கள்

எங்கள் புதுச்சேரியில் ஒரு நண்டு இருக்கிறது. மினி லாரி அளவுக்குப் பெரியது, முழுக்க இரும்பு. உப்பளத்திலிருந்து பழைய துறைமுகம் பக்கம் போகிற வழியில், முன்பு பொருட்காட்சிக்காரர்கள் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் கல் பாவி, விளக்குக் கம்பம் நட்டு, ஒரு திடல் ஆக்கியிருக்கிறார்கள். அதன் நடுவே மேடை கட்டி நண்டை உட்கார வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் கொடுக்குக்கு நடுவில் தலையைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைப் போய்ப் பார்த்தது நூறு தடவைக்கு மேல் இருக்கும். எனக்குக் கலை ஆர்வம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதைச் செய்தது எங்கள் வீட்டுக்காரர்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நண்டு சாப்பிட மாட்டோம். கூடாது என்று என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, ஒதுக்கியே பழக்கம். மீன் உண்டு, இறால் உண்டு, நண்டு மட்டும் வாசல்படி ஏறியதில்லை. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஐம்பது வருஷம் குடியிருந்தும் ஒரு நண்டை நான் முழுசாக உற்றுப் பார்த்தது கிடையாது. மீன்காரம்மா கூடையில் அது ஊர்ந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அவரும் அப்படித்தான்.

அவருக்குத் தட்டாஞ்சாவடியில் சின்ன வெல்டிங் பட்டறை. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, பள்ளிக்கூட பெஞ்சு, இவைதான் வேலை. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் அந்தப் பட்டறைக்குப் போனது மூன்று தடவை, மூன்று தடவையும் சாவி கொடுக்க. அவர் வேலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கிரில்லில் பார்க்க என்ன இருக்கிறது? கம்பிக்கு நடுவில் இருக்கிற சந்து வழியாகத்தான் எல்லாரும் தெருவைப் பார்க்கிறார்கள், கம்பியை யார் பார்க்கிறார்கள் என்று நானே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு.

திடலுக்கு நண்டு செய்வதாக இருந்த சிற்பி யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு பாதியில் ஊரைப் பார்க்கப் போய்விட்டாராம். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. காண்ட்ராக்டர் அலைந்து பார்த்துவிட்டு, வழக்கமாக கிரில் செய்து கொடுக்கிற எங்கள் வீட்டுக்காரரிடம் வந்து நின்றார். கையில் ஒரு போட்டோ. அதில் ஒரு நண்டு இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு எதிரில் இருப்பவரைச் சண்டைக்குக் கூப்பிடுகிற தோரணையில் நின்றது. பக்கத்துக்கு மூன்று காலாக ஆறு கால். கொடுக்கு இரண்டையும் சேர்த்தால் எட்டு. அவர் எண்ணினார், காண்ட்ராக்டர் எண்ணினார், வரைபடம் போட்டு அரசு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் எண்ணிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கடல் நண்டுக்குத் துடுப்பு மாதிரித் தட்டையாக இன்னும் இரண்டு கால் உண்டு, அவை உடம்புக்குப் பின்னால் மடங்கி இருக்கும், முன்னால் நின்று எடுத்த போட்டோவில் தெரியாது. இது நண்டு தின்கிற வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பட்டறையில் அவரோடு இருப்பது இரண்டே ஆள். ஒருவர் வில்லியனூருக்கு அப்பால் கிராமத்தில் நிலம் வைத்திருக்கிற குடும்பம், பரம்பரையாகச் சைவம். இன்னொருவருக்கு நண்டு வாசம் பட்டாலே முகம் வீங்கிவிடும், அதனால் அதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஆக, புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் நண்டு செய்யத் தகுதியே இல்லாத மூன்று பேர் ஒரே கூரையின் கீழே சேர்ந்து, டிராக்டர் பல்சக்கரம், படகு விசிறி, சைக்கிள் செயின், பழைய கடப்பாறை எல்லாவற்றையும் போட்டு, இரவு பகலாக ஒரு நண்டைச் செய்து முடித்துவிட்டார்கள்.

திறப்பு விழாவில் மேலே போர்த்தியிருந்த பட்டுத்துணி கொடுக்கில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. திறந்துவைக்க வந்த பெரிய மனிதர் கயிற்றை இழுத்த இழுப்பில் துணி கிழிந்தது, கூட்டம் கை தட்டியது. கல்வெட்டில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் பன்னிரண்டு பேர் பெயர் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் பெயர் மூன்றிலும் இல்லை. அவர் கடைசி வரிசைக்கும் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு நேரே திடலுக்குப் போவார். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்ததும், இன்றைக்கு இத்தனை பேர் போட்டோ எடுத்தார்கள், ஒரு குழந்தை பயந்து அழுதது என்று விவரம் சொல்வார். குழந்தை அழுததில் அவருக்கு அலாதி சந்தோஷம். நான் காஜா எடுத்துக்கொண்டே உம் கொட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். என்னை முன்னால் இருக்கிற கல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சுண்டல் வாங்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா காலி அலுமினியக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து உப்பளம் தெருக்களில் மீன் விற்கிறவர். நண்டைப் பார்த்தார். எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"யார் செஞ்சதும்மா இது? பின்னங்காலு ரெண்டையும் காணோம். ஏலத்துல இதுங்களைத் தனிக்கூறாத்தான் போடுவோம்."

கால் போன நண்டை நல்ல நண்டோடு சேர்க்க மாட்டார்களாம். வலையில் சிக்கிக் கால் ஒடிந்ததை எல்லாம் ஒதுக்கி, ஓரமாக வேறு குவியல் போடுவார்களாம். அதைத்தான் தனிக்கூறு என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. இது கலை, கலையில் அப்படித்தான் இருக்கும், மீன் விற்கிறவர்களுக்கு அது புரியாது என்று படபடவென்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் கோபப்படவில்லை.

"கலைன்னா காலு வேணாமாம்மா?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நண்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். முன்னால் இருந்து பார்த்தால் கம்பீரம். பின்னால் போனால், கை வைக்க மறந்த பிளவுஸ் போல அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. போனில் நண்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லா நண்டுக்கும் பத்து. அதற்குள் அவர் சுண்டல் பொட்டலத்தோடு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லா இருக்குங்க என்றேன். அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன், இந்த மனுஷன் காதுக்கு இது போகக் கூடாது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஊர் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறார். அதற்கு இரண்டு கால் குறைச்சல் என்று தெரிந்தால் உடைந்துபோவார்.

அடுத்த நாளிலிருந்து நானும் தினமும் திடலுக்குப் போக ஆரம்பித்தேன். மிஷினை நிறுத்திவிட்டு, புர்காவை மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் போய் அந்த முன்பக்கத்து பெஞ்சைப் பிடித்துவிடுவேன். பின்பக்கம் போகலாம் என்பார். முட்டி வலி என்பேன். இந்தப் பக்கம் வெயில் முகத்தில் அடிக்கிறதே என்பார். வெயில் எலும்புக்கு நல்லது என்பேன். யாராவது விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால் நான் உரத்த குரலில் லைனிங் துணி விலை ஏறிப்போனதைப் பற்றிப் பேசத் தொடங்குவேன். லைனிங் துணியைப் பற்றி அவ்வளவு பேச இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவருகிற கைடு ஒருவர் தனக்கே தெரியாமல் எனக்குக் கை கொடுத்தார். நண்டுக்கு ஏன் எட்டுக் கால் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு பகுதி, பகுதிக்கு இரண்டு கால் என்று விளக்கம் சொன்னார். வெள்ளைக்காரத் தம்பதி அதைக் குறித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். ஒரு வாரம் போனதும், செய்யும்போதே தன் மனசிலும் அப்படி ஒரு நினைப்பு இருந்ததாக என்னிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் இருந்திருக்கும் என்றேன்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் சுண்டலைக் கொறித்துக்கொண்டே அவர் சொன்னார்.

"முப்பது வருஷத்துல என் வேலையப் பாக்கன்னு நீ இப்பத்தான் வர்ற."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வேலையைப் பார்க்க வரவில்லை, வேலையில் இருக்கிற ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்க வந்தேன். அதை எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர், வரிசையாகக் கை கோத்துக்கொண்டு. டீச்சர் நண்டுக்கு எத்தனை கால் என்று கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில் பத்து என்றார்கள். எங்கே எண்ணுங்கள் பார்ப்போம் என்றார் டீச்சர். எண்ணினார்கள். எட்டில் நின்றது. நான் லைனிங் துணியை ஆரம்பித்தேன், முப்பது பிள்ளைகள் சத்தத்தில் அது எடுபடவில்லை. டீச்சர் தோற்கிற ஆள் இல்லை. மறுபடி எண்ண வைத்து, எட்டுக்கு அப்புறம் கல்வெட்டை ஒன்பது என்றும் அதற்கடுத்து இருந்ததைப் பத்து என்றும் சுட்டிக்காட்டி முடித்தார். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் மட்டும் விடவில்லை.

"மிஸ், அது குப்பைத்தொட்டி."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். நண்டுக்குப் பின்னால் போனார். பிள்ளைகள் எல்லாம் பஸ் ஏறிப் போன பிறகும் அங்கேயே நின்றார். திரும்பி வந்து வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு என் தையல் மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

இரண்டு மாதமாக என்றேன்.

"அப்ப நீ நண்டப் பாக்க வரல."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற எதற்கும் முந்திக்கொண்டு வருகிற வாய். நண்டுக்குக் கால் இல்லாதது அவருக்கு எவ்வளவு வலித்ததோ எனக்குத் தெரியாது. இது அதைவிட அதிகம் வலித்தது என்று முகத்தில் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவர் திடலுக்குப் போகவில்லை. பட்டறையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து டி.வி.யில் செய்தி பார்த்தார். அந்த வாரம் நான் தைத்த நான்கு பிளவுஸில் இரண்டைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் புறப்பட்டார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை, நேரில் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். நீ வர வேண்டாம் என்றார். நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

துறைமுகத்தில் ஏலச் சத்தம் காதைப் பிளந்தது. அவர் ஒரு நண்டுக் குவியல் முன்னால் குந்தி, தொடப் பயந்து, சட்டைப்பையில் இருந்த பேனாவால் ஒன்றைத் தள்ளிக் கால்களை எண்ணினார். விற்கிறவர் குழம்புக்கா வறுவலுக்கா, உடைத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எண்ணத்தான் வந்தேன் என்றார் இவர். சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். முதல் நண்டுக்குப் பத்து. ஓரத்தில் இருந்த இன்னொரு குவியலுக்குப் போனார். அங்கே முதல் நண்டுக்கு ஒன்பது. அடுத்ததற்கு எட்டு. அவர் முகம் மலர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். எட்டும் இருக்கு பாரு என்றார். ஒரு வாரம் கழித்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அது எந்தக் கூறு என்று எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

ஆனால் அங்கே அந்தக் கூடைக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். என்னையும் பார்த்தார், பேனாவும் கையுமாகக் குந்தியிருக்கிற மனுஷனையும் பார்த்தார், கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது.

"அது வலையில காலு போனது பாய். ஓரமா ஒதுக்கி வச்சிருக்கோம்," என்றார். பிறகு, இவர் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, சேர்த்துச் சொன்னார். "ஒண்ணும் கவலப்படாதீங்க. ஓடு கழட்டும்போது திரும்ப மொளைச்சிக்கும்."

நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடுமாம். புது ஓட்டோடு, போன காலும் வந்துவிடுமாம். எங்கள் வீட்டுக்காரர் அந்த அம்மா சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை.

அந்த வாரமே பட்டறையில் இரண்டு துடுப்புக்கால் தயாராகிவிட்டது. சிக்கல் அலுவலகத்தில் வந்தது. அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு முடியாது என்றார். ஒப்புதல் ஆன வரைபடத்தில் எட்டுக் கால். எட்டும் சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்து இருக்கிறது. கோப்பு மூடியாகிவிட்டது. இப்போது இரண்டு காலைச் சேர்த்தால், இதுவரை இருந்தது தப்பு என்று ஆகும். தப்பு என்றால் யார் தப்பு என்று கேட்பார்கள். அரசாங்கத்தைப் பொறுத்தவரை நண்டுக்கு எட்டுக் கால்தான் என்று வருத்தத்தோடு சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அப்படியானால் கடலில் இருக்கிற நண்டுகளுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்புங்கள் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அதிகாரி கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்க அனுமதி உண்டு, அது பராமரிப்பில் வரும், பராமரிப்புக்கு வரைபடம் கேட்க மாட்டார்கள் என்று மின்விசிறியிடம் சொன்னார்.

ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், பெயின்ட் டப்பா, பிரஷ், ஏணி, ஜெனரேட்டர், இரண்டு நண்டுக்கால் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் திடலுக்குப் போனார்கள். நானும் போனேன். ஆள் உயரத் துடுப்பை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்துக் காவலாளி என்ன இது என்று கேட்டார். பராமரிப்பு என்றார் இவர். காவலாளி நோட்டில் பராமரிப்பு என்று எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். சாயங்காலத்துக்குள் நண்டு ஓடு கழற்றின மாதிரி புதுசாகிவிட்டது.

மறுநாள் அந்தக் கைடு வந்து எண்ணிப் பார்த்துத் திகைத்து நின்றாராம். அப்புறம் சமாளித்துக்கொண்டு, கூடுதல் இரண்டு கால் வரப்போகிற மாநில அந்தஸ்துக்கு என்று சொல்லிவிட்டாராம். கூடைக்கார அம்மாவும் வந்தார். நண்டை ஒரு சுற்று சுற்றி, விரலை நீட்டி எண்ணி, இனிமேல் நல்ல கூறில் சேர்க்கலாம் பாய் என்று சொல்லிவிட்டு, நின்றுகூடப் பேசாமல் போய்விட்டாராம். இதையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். மறுபடி திடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார், ஆனால் என்னைக் கூப்பிடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. இனி அங்கே எனக்குக் காவல் காக்க ஒன்றும் இல்லையே.

மூன்றாவது நாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. அவசரமாகக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் ஒன்று மிஷினில் பாதியில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு புர்காவை எடுத்தேன்.

"இப்ப எதுக்கு? அதான் பத்தும் இருக்கே," என்றார்.

"பாக்கத்தான்," என்றேன்.

திடலில் பழக்கதோஷத்தில் முன்பக்கத்து பெஞ்சுக்குப் போனேன். அவர் அங்கே வேண்டாம் என்று என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே புதுத் துடுப்பைக் கிட்டத்தில் பார்த்தேன். தகடும் தகடும் சேருகிற இடத்தில், ஓரம் முழுக்க, பொடிப்பொடியாக, ஒரே சீராக ஒட்டுப் போட்டிருந்தார். நான் பிளவுஸ் கழுத்துக்குக் கையால் ஹெம்மிங் போடுவேனே, அதே நெருக்கம், அதே இடைவெளி. எங்கேயும் ஒரு தையல் பிசகவில்லை. இது எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். எப்பவும் இப்படித்தான் போடுறேன் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனேன். முப்பது வருஷமாக அதன் பக்கத்தில்தான் என் மிஷின் இருக்கிறது. அதில் இருக்கிற கிரில்லும் அவர் செய்ததுதான். பெயின்ட்டுக்கு மேலே விரலை ஓட்டிக்கொண்டே கம்பி கம்பியாகப் பார்த்தேன். அதே தையல். அவர் பின்னால் வந்து நின்று என்ன தேடுகிறாய் என்று கேட்டார். அந்த நேரத்தில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது எனக்கு வராது.

"கீழ இந்த மூலையில ஒரு தையல் விட்டிருக்கு," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"ஆமா," என்றார். "அது நீ இந்த வீட்டுக்கு வர்றேன்னு அவசரமாப் போட்டது."